கரண்ட் இல்லாத நேரத்தில் பேசிய ஸ்பீக்கர்

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. கல்யாணமாகி வந்தவாசிப் பக்கத்திலிருந்து நான் அங்கே வந்து இரண்டாவது வருஷம். மாமனார், மாமியார் ஏற்கெனவே காலமாகிவிட்டிருந்தார்கள். வீட்டில் நான், என் கணவர், அவருடைய அக்கா மூன்றே பேர். கணவருக்கு மல்லாட்டை மண்டி. மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்று சொல்வதை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.

மண்டி என்பது பேருக்குத்தான். அவர் உயிர் பாட்டுக் கேட்பதில் இருந்தது. பாட்டுக் கேட்பது என்றால், எல்லாரையும் போல ரேடியோவைத் திருகிவிட்டு வெற்றிலை போடுவது என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைக்குச் சரக்கு அனுப்பப் போகிற சாக்கில் மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து பழைய இங்கிலீஷ் ரேடியோ பத்திரிகைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். அதில் படம் பார்த்து, அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டு, வால்வுகளைச் செருகி, ஈயம் பற்றவைத்து ஆம்ப்ளிஃபயரை அவரே செய்தார். புதுசாக வந்த பெரிய இசைத்தட்டுகளைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவிவிட்டு வர வேண்டும். சாப்பிட வரும்போது அந்தச் சுத்தம் கிடையாது. எனக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு ஒரு மூத்தாள் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் முதல்முதலாக வயலின் கேட்ட அன்று நான் வாயடைத்துப் போனேன். வில் கம்பியில் உரசுவதற்கு முன்னால் வித்துவான் மூச்சை இழுத்தது கேட்டது. மிருதங்கத்தின் இடது பக்கத்து அடி காதில் விழவில்லை, பாதத்தில் விழுந்தது. அதற்குக் காரணம் ஸ்பீக்கரை அவர் வைத்திருந்த இடம்.

ஸ்பீக்கருக்கு முன்பக்கம் வரும் சத்தத்தோடு முதுகுப்பக்கச் சத்தம் கலந்தால் கனமான ஓசையெல்லாம் செத்துப்போய்விடுமாம். அதனால் முதுகை ஒரு பெட்டிக்குள் அடைக்க வேண்டும், பெட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று பத்திரிகையில் போட்டிருந்தது. எங்கள் கூடத்துக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. அந்தக் காலத்தில் நெல் சேமித்த இடம். கூடத்து மூலையில், தரையில் இருக்கும் வட்ட ஓட்டை வழியாக நெல்லைக் கொட்டுவார்கள். உள்ளே இறங்குவதற்குப் பின்கட்டில் சாமான் அறைக்குள் ஒரு மரமூடியும் படிகளும் இருந்தன. அந்த நிலவறை முழுவதையும் இவர் பெட்டியாக்கிவிட்டார். ஓட்டையின் மேல் பலகை அடித்து, முறம் அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கரை வானம் பார்த்தபடி அதில் பதித்தார். காகிதத்தில் செய்த அந்தக் கறுப்புக் கிண்ணம் தரையிலிருந்து எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். இந்த ஊரில் இன்னா, இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் பெட்டி யாருக்கும் கிடையாது என்பார்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவர். சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர். சைக்கிளில் வருவார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், வீடு பற்றி எரிந்தாலும் தட்டு முடிந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள்.

அண்ணியைப் பற்றிச் சொல்லவில்லையே. கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். வெள்ளைப் புடவை. வேலையில் புலி. பேச்சு மட்டும் அளந்துதான். ஊரார் நயினார் என்று கூப்பிடும் எங்கள் ஜைனக் குடும்பங்களில் பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். அந்த அவசரத்திலும் ஒரு பாத்திரம் ஓசைப்படாமல் சமையற்கட்டில் நடமாடுவார். அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் முழு உபவாசம். அன்று மத்தியானத்திலிருந்து பின்கட்டில் தன் அறையில் மௌனமாக இருப்பார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டோம். கூடத்தில் பாட்டு ஓடும்போது அவர் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் மழை முடிந்த பிறகுதான் அந்த முனகல் தொடங்கியது.

ஒரு மத்தியானம், வயலின் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. வயலினுக்கு அடியில் இன்னொரு குரல். வார்த்தை இல்லாமல், வாய் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே யாரோ இழுப்பது போல. முதலில் அது தட்டில் இருப்பதுதான் என்று நினைத்தேன். வாசிப்பு முடிந்தது. முள் கடைசி வட்டத்தில் டிக், டிக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. வயலின் நின்ற பிறகும் அந்தக் குரல் அதே ராகத்தில் ஒரு மூச்சு நேரம் தொடர்ந்து, பிறகு சட்டென்று நின்றது.

கணவருக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் அவருக்கு அது பேய் இல்லை, கோளாறு. மறுநாளே ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். வால்வை மாற்றினார். எர்த்துக்காகக் கொல்லையில் பள்ளம் தோண்டி உப்பும் கரியும் கொட்டினார். சில நாள் சத்தமே இருக்காது. ஜெயித்துவிட்டேன் என்று வாத்தியாருக்குச் சொல்லி அனுப்புவார். வாத்தியார் வந்து உட்கார்ந்த அன்று பார்த்து மறுபடி வரும்.

எங்கள் வீட்டு வேலைக்கார அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை.

"யம்மா, நல்லா ரோசன பண்ணிப் பாரு. போன மாசமும் அமாவாசைக்கு மொத நாளுதான கேட்டுச்சு? மேல்மலையனூருக்குப் பேய் புடிச்சவங்கள பஸ் பஸ்ஸா ஏத்திக்கினு இப்பிடிதான போறாங்க. போற வழியில எதுனா ஒண்ணு எறங்கிப் பூந்துக்கிச்சு. கோட்டையில செத்தவங்க கொஞ்ச நஞ்சமா? அதுங்களுக்கும் பாட்டு கேக்க ஆச இருக்காதா?"

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் தனியாக இருக்கும்போது கூடத்து மூலையைச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். அந்தக் கறுப்புக் கிண்ணத்தைத் தாண்டும்போது புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் சமையற்கட்டில் அண்ணியிடமே கேட்டேன்.

"அண்ணி, கூடத்துல ஒரு சத்தம் வருதே, உங்களுக்குக் கேட்டுதா?"

அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "எனக்கு இன்னா தெரியும்மா? நான் அந்தப் பக்கமே வர்றதில்லயே" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த அமாவாசைக்கு முதல் நாள். மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்தே உறுமிக்கொண்டு போயின. வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. இரண்டு பேரும் கூடிப் பேசி நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"நயினாரே, கோளாறு உங்க ஆம்ப்ளிஃபயர்ல இல்ல. நெலவற மூடி சரியா ஒக்காரல. மலையில அடிக்கிற காத்து அந்தச் சந்துல பூந்து ஊதுது. புல்லாங்குழல் ஊதுதே, அந்தக் கணக்கு" என்றார் வாத்தியார்.

"அப்ப பொட்டியில காத்து வேற லீக் ஆவுதுன்னு சொல்லுங்க சார். அதான் அடி சத்தம் நான் நெனச்ச மாதிரி வரல."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நிலவறையை ஊசிமுனை சந்துகூட இல்லாமல் அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. குங்கிலியத்தைப் பொடித்து விளக்கெண்ணெயில் காய்ச்சினார்கள். வீடே நாறியது.

இதில் ஒரு சிக்கல். எறும்பைக்கூட மிதிக்கக் கூடாத வீடு எங்களுடையது. உள்ளே பல்லியோ எலியோ இருந்து, அதை வைத்து மூடிவிட்டால் எவ்வளவு பாவம்! அதனால் காலையிலேயே மூடியைத் திறந்து வைத்து, ஜீவன்கள் போவதற்கு அவகாசம் கொடுத்தார் என் கணவர். மத்தியானம் சாப்பிட்ட பிறகு டார்ச்சோடு படியில் இறங்கினார். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர், மூலை, மச்சு எல்லாவற்றிலும் வெளிச்சம் அடித்தார். உள்ளே ஆள் உயரத்துக்குப் பழைய மண்குதிர்கள் நின்றன. அவற்றின் மேலும் அடித்தார். கையைத் தட்டி, "எதுனா இருந்தா போயிடுப்பா, மூடப் போறோம்" என்று பல்லிகளுக்கு அறிவிப்புக் கொடுத்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒன்றும் அசையவில்லை. மேலே வந்தார்.

மூடியை இறக்கிச் சுற்றிலும் குங்கிலியத்தை ஊற்றினார்கள். அது ஆறி இறுகியது. பாட்டின் அதிர்வில் பலகை ஆடக் கூடாது என்று மண்டியிலிருந்து ஆள் வைத்து மல்லாட்டை மூட்டைகளைக் கொண்டுவந்து மூடியின் மேல் அடுக்கினார்கள். கூலியாட்கள் போன பிறகு சாமான் அறைக் கதவையும் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தோம்.

வால்வுகள் இலந்தைப் பழம் போலச் சிவந்தன. அதே வயலின் தட்டை வைத்தார். நான் பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு ஓசையை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. மிருதங்கம் பக்கத்து அறையில் உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. வேலைக்கார அம்மாகூட வாசற்படியில் வந்து நின்றுவிட்டாள். முனகலும் இல்லை. என் கணவர் கண்ணை மூடியபடியே விரலைத் தூக்கி வாத்தியாரிடம், "போச்சு பாருங்க" என்றார்.

அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

தட்டு வேகம் குறைந்து, வயலின் கீழே கீழே இறங்கி, எருமை கனைப்பது போல ஆகி நின்றது. வால்வுகளின் சிவப்பு அணைந்தது. செஞ்சியில் கரண்ட் போவது புதிதில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே பஸ் சத்தமும் அடங்கியிருந்தது. வெயில் சன்னல் வழியாகத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. பட்டப்பகல்.

ஸ்பீக்கர் முனகியது.

கரண்ட் இல்லை. தட்டு ஓடவில்லை. வால்வு அணைந்துவிட்டது. அந்தக் கறுப்புக் கிண்ணத்திலிருந்து ஒரு நீண்ட முனகல் வந்தது. அதற்கு அப்புறம், காகிதத்தை யாரோ நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம். அதற்கும் அப்புறம் தெளிவாக ஒரு வார்த்தை.

"தம்பீ..."

வேலைக்கார அம்மா அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வாத்தியார் சிலுவை போட்டுக்கொண்டார். என் கணவர் நாற்காலிக் கையைப் பிடித்தபடி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சயன்ஸும் பத்திரிகையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆனால், பயந்த மனசு எங்கெங்கோ ஓடும் என்பார்களே, என் மனசு சமையற்கட்டுக்கு ஓடியது. இன்றைக்கு உலையில் ஒரு ஆழாக்கு அரிசி குறைத்துப் போட்டோம் என்று தோன்றியது. சதுர்த்தசி, அண்ணி உபவாசம். முனகல் கேட்ட நாட்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வேலைக்கார அம்மா சொன்னது போல அமாவாசைக்கு முதல் நாள் மட்டும் இல்லை. பௌர்ணமிக்கு முதல் நாளும் உண்டு, அஷ்டமியும் உண்டு. முனகல் கேட்ட ஒவ்வொரு நாளும் நான் அரிசி குறைத்துப் போட்ட நாள்.

பின்கட்டுக்கு ஓடினேன். அண்ணியின் அறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே பாய் விரித்தபடி இருந்தது. ஜெபமாலை பாயின் மேல் கிடந்தது. ஆள் இல்லை.

திரும்பி ஓடிவந்து ஸ்பீக்கர் பக்கத்தில் குப்புற விழுந்து அதில் வாயை வைத்தேன். "அண்ணி!"

"மூச்சு வாங்குதும்மா... தட்டித் தட்டிப் பாத்தேன்... மூடி தொறக்க மாட்டேங்குது..." குரல் என் கன்னத்துக்கு அடியிலிருந்து வந்தது. அந்தக் காகிதம் என் முகத்தில் துடித்தது.

"ஐயோ, அக்கா!" என்று கத்திக்கொண்டு என் கணவர் சாமான் அறைக்கு ஓடினார். பின்னாலேயே வாத்தியாரும். மூட்டைகள் உருளும் சத்தமும் கடப்பாறையின் சத்தமும் கேட்டன. கல்லாக இறுகிய குங்கிலியம் லேசில் விடவில்லை. அடைத்துக் கிடந்த இடம், காய்ச்சிய எண்ணெய்ப் புகை வேறு உள்ளே இறங்கியிருந்தது, பச்சைத் தண்ணீர் பல்லில் படாத உடம்பு. "அண்ணி, பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றேன். ஒவ்வொரு பதிலும் முந்தியதைவிடச் சின்னதாக வந்தது. பிறகு பதிலே வரவில்லை.

சென்னையிலிருந்து குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்த ஸ்பீக்கர் அது. யாரும் விரல் படக் கூடாது. நான் இரண்டு கையாலும் அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். அப்பளம் போல நொறுங்கிக் கிழிந்தது. உள்ளேயிருந்து சூடான, புளித்த காற்று முகத்தில் அடித்தது. ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்துக்கு நடுவில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. விசிறியை எடுத்து அந்த ஓட்டைக்குள் பைத்தியம் போல வீசினேன். எவ்வளவு நேரம் வீசினேனோ தெரியாது. அந்த இருட்டிலிருந்து நான்கு விரல்கள் மெதுவாக மேலே வந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டன. பயந்து கையை இழுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. இழுத்துக்கொள்ளவில்லை. அந்த விரல்களைப் பிடித்தேன். சில்லென்று இருந்தன. மூடி உடையும் சத்தம் கேட்கும்வரை நான் விடவில்லை.

தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் காற்றாடப் படுக்கவைத்தார்கள். சீக்கிரமே கண் திறந்துவிட்டார். "மூடும்போது ஒரு சத்தம் குடுக்கக் கூடாதாக்கா?" என்று தேம்பியபடி கேட்டார் என் கணவர்.

"நீ டார்ச் அடிச்சப்போ குதுருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினேன். நோம்பும் அதுவுமா பாட்டு கேக்க ஒக்காந்திருக்கறேன்னு தெரிஞ்சா இன்னா நெனப்ப? நீங்க போனதும் வந்துடலாம்னு இருந்தேன்" என்றார். மூட்டை அடுக்கியது அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. அன்றைக்கு ராத்திரி வீடே அண்ணியோடு சேர்ந்து உபவாசம்.

படுக்கப் போகும்போது என் கணவர், "அக்கா சின்னதுல நல்லா பாடும். மறந்தே பூட்டேன்" என்றார். கூடத்துக்கு வராதே என்று அண்ணியிடம் யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை.

கொஞ்ச நாள் கழித்துச் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி மரப்பெட்டியில் வைத்தார். கூடத்தில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டார். அண்ணியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தது நான். அப்போது அவரிடம், இத்தனை நாளாகக் கீழே இருந்து பாடியது நீங்கள்தானே என்று கேட்டேன்.

"நானா? மௌனத்துல எப்பிடிம்மா பாடுவேன்? வாயத் தொறந்ததே அன்னிக்கி ஒரு நாளுதான்" என்றார். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பிறகு யார் பாடினார்கள்?

என் கணவர் அதே வயலின் தட்டை வைத்தார். புது ஸ்பீக்கரில் பழைய கனம் இல்லை. அண்ணி கண்ணை மூடினார். வாசிப்பு பாதி போயிருக்கும். அந்த முனகல் எழுந்தது. அதே குரல், வாய் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே. தரைக்கு அடியிலிருந்து வருவது போலவே இருந்தது. ஆனால் என் பக்கத்து நாற்காலியில் அண்ணியின் கழுத்து நரம்பு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. தான் பாடுவது அவருக்கே தெரியவில்லை. என் கணவர் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாதீர்கள் என்று கையைக் காட்டினேன். சொன்னால் நிறுத்திவிடுவாரே.

அண்ணி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஒரு வீட்டில் எல்லாரும் கூடிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அங்கே வராமல் உள்ளே இருப்பது யார் என்றுதான் என் காது தேடுகிறது. ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட்ட ஒருத்தியின் குரல் எங்களில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாமல், பேய் என்று நடுங்கினோமே, அந்த நடுக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.